ஈயை அடிக்கறதுக்கு முன்னாடி சாணியைப் பாருங்க

டவுன்ல இருந்து எங்க காட்டுக்கு வர்றவங்க மாட்டுகிட்ட போனதும் ரெண்டு விசயம் சொல்லுவாங்க. முதல்ல, "மாடு என்ன அழகுங்க!" அடுத்தது, "ஏனுங்க, இத்தனை ஈ மொய்க்குதே, ஏதாச்சும் மருந்து அடிக்கக் கூடாதா?" மாட்டு மேல இருக்கற பிரியத்துலதான் கேக்கறாங்க, அதுல தப்பு ஒண்ணுமில்லை.

ஆனா இந்தக் கேள்வி இப்ப கேள்வியா மட்டும் இல்லை, ஒரு பழக்கமாவே மாறிட்டு வருது. ஈ தெரிஞ்சா ஊசி, உண்ணி தெரிஞ்சா ஊசி, ஒண்ணும் தெரியலைன்னாலும் மாசத்துக்கு ஒரு ஊசி. எங்க காங்கேயம் பக்கம் புதுசா நிலம் வாங்கி மாடு கட்டறவங்க நிறையப் பேரு இப்படித்தான் செய்யறாங்க. பரம்பரையா மாடு வெச்சிருக்கறவங்களும் அதைப் பார்த்து ஆரம்பிச்சுட்டாங்க. இது வேண்டாங்கறதுதான் என் கட்சி. மாடு ஈயில அவதிப்படட்டும்னு நான் சொல்லலை. அந்த ஈ எங்க பொறக்குது, எப்படி வளருதுன்னு தெரிஞ்சுக்கிட்டா, அடிக்க வேண்டிய இடம் மாட்டு முதுகு இல்லைன்னு உங்களுக்கே புரியும்.

எந்த ஈ?

மாட்டு மேல உக்கார்ற ஈ எல்லாம் ஒண்ணு இல்லைங்க. கண்ணுகிட்டயும் மூக்குகிட்டயும் மொய்க்கறது பெரும்பாலும் கடிக்காத ஈ. கண்ணீரையும் சளியையும் நக்க வரும். கால்ல உக்கார்ந்து மாட்டைக் காலை உதற வைக்கறது லாய ஈ. பார்க்க வீட்டு ஈ மாதிரியே இருக்கும், ஆனா முன்னால ஊசியாட்டம் ஒரு மூக்கு நீட்டிக்கிட்டிருக்கும். அழுகின தட்டு, மூத்திரம் ஊறின கூளம், இதுலதான் அது பெருகும். வாலுக்கு அடியிலயும் தொடை இடுக்குலயும் தட்டையா ஒண்ணு இருக்கும். நண்டு மாதிரிப் பக்கவாட்டுல ஓடும், விரல்ல நசுக்கினாலும் லேசுல சாகாது. மழைக்காலத்துல ஒண்ணு ரெண்டா வந்து ரத்தம் சொட்ட வைக்கற பெரிய குதிரை ஈ வேற.

நான் சொல்ல வர்றது இன்னொரு சின்ன ஈ. வீட்டு ஈயில பாதி தண்டிதான் இருக்கும், மூணரை நாலு மில்லிமீட்டர். சாம்பல் நிறம், நெஞ்சுக்கு மேல லேசா கருப்புக் கோடு. திமிலுக்குப் பக்கத்துல, தோள்ல, முதுகுல, விலாவுல கூட்டமா உக்கார்ந்திருக்கும். வெயில் ஏற ஏற அடிவயித்துக்கு இறங்கிடும். அடையாளம் சொல்றேன். விலாவுல உக்காரும்போது தலை கீழே தரையைப் பார்த்து இருக்கும், ரெக்கை ரெண்டும் உடம்பை விட்டு வெளிப்பக்கமா விரிஞ்சிருக்கும். லாய ஈ தலையை மேல வெச்சு உக்காரும், இது தலையைக் கீழ வெச்சு உக்காரும். ஒரு தடவை பார்த்துட்டா மறக்காது.

எங்க பக்கம் இதைக் கடி ஈன்னே சொல்லிருவோம். படிச்சவங்க எருமை ஈன்னு சொல்றாங்க. அறிவியல் பேரு ஹேமடோபியா. நம்ம நாட்டுல இருந்து தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா வரைக்கும் இருக்கு. இதோட பங்காளி ஒண்ணு ஐரோப்பாவுலயும் அமெரிக்காவுலயும் இருக்கு. குளிர்ல அது கொம்புக்கு அடியில போய் ஒண்டுமாம், அதனால அவங்க அதைக் கொம்பு ஈங்கறாங்க.

இந்த ஈயில ஆண் பெண் ரெண்டும் ரத்தம் குடிக்கும். கொசுவுல பெண்ணு மட்டுந்தான் கடிக்கும், இது அப்படி இல்லை. ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை கடிக்கும். ஒரு மாட்டுல 200 ஈ இருந்தா ஒரு நாளைக்கு 4000-லிருந்து 6000 கடி. அந்த மாடு மேயுமா, வாலை வீசிக்கிட்டே நிக்குமா? தலையைத் திருப்பித் திருப்பி முதுகுல அடிக்கும், தோலைச் சிலிர்க்கும், மரத்துல போய் உரசும். மேய்ச்சல் குறையும், பால் குறையும், உரசின இடம் புண்ணாகும். கருத்த தோல் இருக்கற மாட்டுலயும் காளையிலயும் இது அதிகமா உக்காரும். காங்கேயம் காளைக்குத் திமிலும் கழுத்தும் கருத்து இருக்கும், ஈக்கு அது இன்னும் தோது. இனத்துக்கு விடற காளையை நாங்க பூச்சிக்காளைன்னு சொல்லுவோம், பேருக்கு ஏத்த மாதிரி பூச்சி மொய்க்குதுன்னு கேலி பேசிக்குவோம்.

பத்து நாள் கணக்கு

இதுவரைக்கும் சொன்னதைக் கேட்டா உடனே மருந்து அடிக்கணும்னுதான் தோணும். இதுக்கப்பறம் வர்றதுதான் முக்கியம்.

இந்த ஈ ராத்திரி பகல் மாட்டு மேலயேதான் குடியிருக்கும். மாட்டை விட்டுத் தள்ளி இருந்தா ஒண்ணு ரெண்டு நாளுக்கு மேல உசிரோட இருக்காது. அது மாட்டை விட்டு இறங்கறது ஒரே ஒரு காரியத்துக்கு, முட்டை வைக்க. மாடு சாணி போட்டதும் பெண் ஈ சட்டுன்னு இறங்கி, சாணியோட ஓரத்துல, அடிப்பக்கமா முட்டை வெச்சுட்டு, சில நிமிசத்துல மறுபடி மாட்டு மேல ஏறிக்கும். அந்தச் சாணி புதுசா இருக்கணும். மேல ஆடை கட்டிப் போச்சுன்னா அதுக்கு உதவாது. எருக்குழியில இருக்கற பழைய சாணி, குப்பை, சாக்கடை எதுலயும் இது பொறக்காது. மாடு போட்ட பச்சைச் சாணி, போட்ட இடத்துலயே கலையாம கிடக்கணும். அது ஒண்ணுதான் இதுக்குத் தொட்டில்.

நல்ல வெதுவெதுப்பான காலத்துல ஒரு நாளைக்குள்ள முட்டை பொரிஞ்சுடும். வெள்ளைப் புழு நாலஞ்சு நாள் சாணிக்குள்ளேயே தின்னு வளரும். அப்பறம் சாணிக்கு அடியிலயோ மண்ணுக்குள்ளயோ கூட்டுப்புழுவா நாலஞ்சு நாள் கிடக்கும். ஆக எட்டிலிருந்து பத்து நாள்ல புது ஈ. அது பறந்து போய் ஒரு மாட்டைப் பிடிச்சுக்கும், ரெண்டு மூணு நாள்ல முட்டைக்குத் தயாராகிடும். ரெண்டு மூணு வாரம் ஆயுசுல ஒரு ஈ நூறுக்கு மேல முட்டை வெச்சிரும்.

ஒரு மாடு நாளைக்குப் பத்து பன்னெண்டு தடவை சாணி போடும். நாலு மாட்டுக்கு நாப்பதுக்கு மேல. பத்து நாளைக்கு நானூறு இடத்துல சாணி கிடக்கும். இந்த நானூறும் கலையாம அப்படியே கிடந்தா, காட்டுல இருக்கற மாடு பூராத்துக்கும் ஈ போதும் போதும்னு வரும். ஆனா நல்ல காட்டுல சாணி அப்படிக் கலையாம கிடக்கறதில்லை.

சாணிக்கு வர்ற விருந்தாளிங்க

எங்க ஊர்க் கொறங்காட்டைப் பார்க்காதவங்களுக்கு ஒரு வார்த்தை. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர் பக்கம் மழையை நம்பின மேய்ச்சல் காடு இது. சுத்தியும் கிளுவை வேலி, நடுவுல வெள்வேல் மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல்லு. ஆள் இல்லாம மாடு தானா மேயும். காட்டை ரெண்டு மூணு பாகமா அடைச்சு மாத்தி மாத்தி மேய விடுவோம். உழறதில்லை, உரம் போடறதில்லை. அங்கங்க விழற சாணிதான் உரம்.

அந்தச் சாணி விழுந்த அரை மணி நேரத்துல போய்ப் பாருங்க. முதல்ல வர்றது சாணவண்டு. சிலது உருண்டை பிடிச்சுப் பின்னங்கால்ல தள்ளிக்கிட்டுப் போகும், எல்லாரும் படத்துல பார்த்தது அதுதான். ஆனா அதிகம் வேலை செய்யறது வேற ரகம். அது சாணிக்கு நேர் கீழ மண்ணைக் குடைஞ்சு, சாணியைக் கொஞ்சம் கொஞ்சமா உள்ள இறக்கி, அதுக்குள்ள முட்டை வைக்கும். ராத்திரியில டார்ச் வெளிச்சத்துக்குப் பறந்து வந்து மூஞ்சியில மோதற கருப்பு வண்டு இருக்கே, அதுல பாதி இந்த ஜாதிதான். மழை பேஞ்ச மறுநாள் ராத்திரி விழுந்த சாணி காலையில வெறும் தூளாக் கிடக்கும். பக்கத்துல புது மண்ணு குமிஞ்சிருக்கும்.

சாணி தூளானா ஈரம் போயிடும். ஈரம் போனா ஈயோட புழு செத்துரும். அதோட அந்த வண்டோட அடிவயித்துல பேன் மாதிரிக் கண்ணுக்குத் தெரியாத சிறு உயிர் ஒட்டிக்கிட்டு வரும். அது இறங்கி ஈ முட்டையைத் தின்னும். சாணிக்குள்ள ஓடற மெலிஞ்ச நீள வண்டு ஒண்ணு இருக்கு, அது ஈப் புழுவைத் தின்னும். அப்பறம் மைனாவும் கொண்டலாத்தியும் வந்து சாணியைக் கொத்திக் கிளறும். கோழி விட்டிருந்தா சொல்லவே வேண்டாம். மாட்டுப் பின்னாடியே உண்ணிக்கொக்கு நடக்கும், முதுகுல கரிச்சான் சவாரி போகும். ஒரு ரூபாய் கூலி வாங்காத ஆளுங்க இவங்க எல்லாம்.

இந்த ஆளுங்க இல்லைன்னா என்ன ஆகும்? இதுக்கு ஆஸ்திரேலியாவுல பதில் இருக்கு. அந்த நாட்டுல முதல்ல மாடே கிடையாது. 1788-ல வெள்ளைக்காரங்க கப்பல்ல கொண்டு போனாங்க. அங்க இருந்த சாணவண்டு கங்காரு போடற காய்ஞ்ச சின்னப் புழுக்கைக்குப் பழகினது. மாட்டோட ஈரச் சாணியை அதுங்க அவ்வளவா தொடலை. சாணி மாசக்கணக்கா மேய்ச்சல் நிலத்துல அப்படியே காஞ்சு கிடந்துச்சு. அந்த இடத்துல புல்லும் முளைக்கலை. அதுக்கு நடுவுல இந்தோனேசியத் தீவுகள்ல இருந்து எருமையைக் கொண்டு போனாங்க. அதுகூடவே நம்ம கடி ஈயும் கப்பல் ஏறிடுச்சு. கலையாத சாணி மலையாக் கிடக்கற நாட்டுல அதுக்கு என்ன கவலை? வடக்குக் கரையில இறங்கி, 1928 வாக்குல குயின்ஸ்லாந்துக்குள்ள நுழைஞ்சு, தெற்குப் பக்கமா இறங்கிக்கிட்டே இருந்துச்சு.

ஜார்ஜ் போர்னமிஸ்ஸாங்கற ஹங்கேரிக்காரர் ஒருத்தர், பூச்சி ஆராய்ச்சி செய்யறவர், 1950 வாக்குல அந்த நாட்டுக்குப் போனார். மேய்ச்சல் நிலமெல்லாம் சாணி கிடக்கறதைப் பார்த்து, எங்க ஊர்ல இப்படிக் கிடக்காதேன்னு யோசிச்சார். அவர் சொன்ன யோசனையில அரசாங்க ஆராய்ச்சி நிறுவனமே 1965-லிருந்து 1985 வரைக்கும் இருபது வருசம், ஆப்பிரிக்காவுல இருந்தும் ஐரோப்பாவுல இருந்தும் சாணவண்டு கொண்டுவந்து விட்டுச்சு. 40-க்கும் மேல ரகத்தை விட்டதுல இருபத்துச் சொச்சம் ரகம் அங்கயே வேர் ஊனிக்கிச்சு. சாணி மண்ணுக்குள்ள போச்சு. மூஞ்சியில மொய்க்கற இன்னொரு வகை ஈ பல இடத்துல நல்லாவே குறைஞ்சுது. கடி ஈ மட்டும் முழுசா ஒழியலை, இன்னைக்கும் அவங்களுக்குத் தொல்லைதான். அதனால வண்டு வந்தா ஈயே இருக்காதுன்னு நான் புளுக மாட்டேன். ஆனா ஒரு நாடு காசு செலவு பண்ணி, கப்பல்லயும் விமானத்துலயும் கொண்டுவந்து வளர்த்த ஒண்ணு, நம்ம காட்டுல சும்மாவே இருக்குங்கறதை யோசிச்சுப் பாருங்க. அதைத்தான் நாம ஊசி போட்டுக் கொல்றோம்.

ஊசி எங்க போகுது?

மாசா மாசம் போடற ஊசி பெரும்பாலும் ஐவர்மெக்டின். நல்ல மருந்துதான். ஜப்பான் மண்ணுல கிடைச்ச ஒரு நுண்ணுயிர்ல இருந்து வந்தது. 1981-ல இருந்து கால்நடைக்கு இருக்கு. மனுசங்களுக்கும் ஆத்தோரக் குருடு, யானைக்கால் நோய்க்கெல்லாம் உதவி, கண்டுபிடிச்ச ரெண்டு பேருக்கு 2015-ல நோபல் பரிசே கிடைச்சுது. சொறி பிடிச்ச மாட்டுக்கு, உள்ளுக்குப் புழு வெச்ச மாட்டுக்கு டாக்டர் பார்த்துப் போடச் சொன்னா போடத்தான் வேணும். அதுல எனக்கு மறுபேச்சு இல்லை.

ஆனா மாட்டுக்குப் போட்ட மருந்து மாட்டோட நின்னுடறதில்லை. பெரும்பகுதி சாணி வழியாத்தான் வெளிய வருது. அதுல நிறைய, இன்னும் மருந்தாவே இருக்கு. ஊசி போட்ட மாட்டோட சாணியைத் தின்னு வளர்ற சாணவண்டோட புழு செத்துப் போகுது. சில நாள்ல இருந்து ரெண்டு மூணு வாரம் வரைக்கும் இந்த விசம் சாணியில இருக்கும்.

"அந்தச் சாணியில ஈப் புழுவும்தானே சாகும், நல்லதுதானே"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. அங்கதான் கணக்கு இடிக்குது. ஈக்குப் பத்து நாள்ல ஒரு தலைமுறை, ஒரு ஈக்கு நூறு முட்டைக்கு மேல. மருந்து தேஞ்சதும் பக்கத்துக் காட்டு ஈ நாலு வந்தாப் போதும், ஒரு மாசத்துல பழைய கூட்டம் சேர்ந்துடும். சாணவண்டு அப்படி இல்லை. மண்ணுக்குள்ள உருண்டை உருண்டையா சாணி வெச்சு, உருண்டைக்கு ஒரு முட்டையா வைக்கும். பெரிய ரகத்துக்கு வருசத்துக்கே ஒரு சில குஞ்சுதான். வளர மாசக்கணக்காகும், மழை பார்த்துத்தான் மண்ணை விட்டு வெளிய வரும். மாசம் ஒரு ஊசின்னா அதுக்குத் தலையெடுக்கவே நேரம் கிடையாது. ஈ திரும்பி வரும், வண்டு திரும்பி வராது. அப்பறம் ஊசியை நிறுத்தவே முடியாது.

மேல தெளிக்கற சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் மருந்துக்கும் இதே கதிதான். தண்ணி அளவு பார்க்காம, வாரா வாரம் அடிச்சா ஈ பழகிக்கும். அமெரிக்காவுல 1980 வாக்குல மாட்டுக் காதுல மாட்டற மருந்து வில்லை வந்துச்சு. ஒரு தடவை மாட்டினாப் போதும், மாசக்கணக்கா ஈ வராதுன்னாங்க. எல்லாரும் மாட்டினாங்க. சில வருசத்துலயே கொம்பு ஈ அந்த மருந்துக்குப் பழகிடுச்சு. பத்து நாளைக்கு ஒரு தலைமுறை எடுக்கற பூச்சிக்குப் பழகிக்க எத்தனை காலம் வேணும்?

மாட்டு ஊசி மாட்டோட நிக்காதுங்கறதுக்கு நம்ம நாட்டுலயே பெரிய சாட்சி இருக்கு. பாறுக் கழுகு. வலிக்கும் காய்ச்சலுக்கும் மாட்டுக்கு டைக்ளோஃபினாக் போட்டோம். அந்த மாடு செத்தா அதைத் தின்ன பாறு எல்லாம் சிறுநீரகம் கெட்டுச் செத்துப் போச்சு. 2006-ல கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை பண்ணாங்க. அதுக்குள்ள கோடிக்கணக்குல இருந்த பறவை கைவிட்டு எண்ணற அளவுக்கு வந்துடுச்சு. தமிழ்நாட்டுல இன்னைக்குப் பாறு பார்க்கணும்னா நீலகிரிக்குக் கீழ மாயாறுப் பள்ளத்தாக்குக்குத்தான் போகணும். பாறு பெரிய பறவை, வானத்துல இல்லைன்னா தெரியுது. சாணவண்டு இல்லாமப் போனா யாருக்குங்க தெரியப் போகுது?

இன்னொண்ணு, இது உங்க டம்ளர் சம்பந்தப்பட்டது. ஐவர்மெக்டின் பாலுலயும் வரும். மனுசங்க குடிக்கற பால் கறக்கற மாட்டுக்குப் போடக் கூடாதுன்னுதான் பல நாட்டுல அதுக்கு விதியே இருக்கு. மாசா மாசம் ஊசி போடற பண்ணையில கறவை மாடு எது, வறண்ட மாடு எதுன்னு பிரிச்சுப் பார்த்தா போடறாங்க?

லம்பிக்குப் பயப்பட வேண்டாமா?

பயப்படணும். 2019-ல ஒடிசாவுல முதல்ல தெரிஞ்சுது, 2022-ல குஜராத்துலயும் ராஜஸ்தான்லயும் மாட்டை வாரிக்கிட்டுப் போச்சு. உடம்பெல்லாம் கட்டி கட்டியா வர்ற அந்த நோயை, கடிக்கற ஈ, கொசு, உண்ணி எல்லாம் பரப்புது. அந்தப் பயத்துலதான் எங்க பக்கம் ஊசிப் பழக்கம் அதிகமாச்சு. ஆனா லம்பிக்குக் காவல் தடுப்பூசி. ஆட்டம்மைத் தடுப்பூசியைத்தான் நம்ம நாட்டுல அதுக்குப் போட்டாங்க. நோவு கண்ட மாட்டைத் தனியாக் கட்டறதும், சந்தையில வாங்கின மாட்டைக் கொஞ்ச நாள் தள்ளி வெச்சுப் பார்த்துட்டுச் சேர்க்கறதும் அடுத்த காவல். தடுப்பூசியை விட்டுட்டு ஈ ஊசி மட்டும் போடறது, கதவைத் திறந்து வெச்சுட்டுச் சன்னலைச் சாத்தற வேலை.

அப்ப என்ன செய்யலாம்?

நான் செய்யறதைச் சொல்றேன். பெரிய வித்தை ஒண்ணுமில்லை.

கட்டுத்தரையில விழற சாணியை அன்னன்னைக்கு வழிச்சு எருக்குழியில போட்டு, மேல கூளமோ மண்ணோ போட்டு மூடிடறது. குழிக்குள்ள சூடேறினா புழு நிக்காது. வறட்டி தட்டறவங்களுக்கு இன்னும் சுளுவு. தட்டிக் காய வெச்ச சாணியில ஈ எங்க பொறக்கும்? ராத்திரியெல்லாம் மாடு கட்டுத்தரையிலதான், அதனால இதுலயே பாதிச் சாணி கணக்குல வந்துடுது.

காட்டுல விழறதை வண்டுக்கு விட்டுடறது. வண்டு தொடாத சாணி மூணு நாள் கழிச்சும் அப்படியே கிடந்தா, வெயில் காலத்துல மண்வெட்டியால கலைச்சு விடுவேன். ஒரே நாள்ல காஞ்சுடும். மழைக் காலத்துல கலைச்சுப் பிரயோசனம் இல்லை, அப்ப வண்டே பார்த்துக்கும்.

காட்டை மாத்தி மேய்ச்சா ஈ போயிடும்னு சிலர் சொல்றாங்க. மாத்தி மேய்க்கறது புல்லுக்கு நல்லது. ஈக்கு அது மருந்து இல்லை. ஈ மாட்டு மேலயே ஏறிக்கிட்டு வரும். பழைய காட்டுல பொறக்கறதும் பக்கத்துக் காடுன்னா பறந்து வந்து சேர்ந்துக்கும்.

சாயங்காலம் கட்டுத்தரையில வேப்பந்தழையும் நொச்சியும் போட்டுப் புகை மூட்டம். எருமை வெச்சிருந்தா குட்டையில இறக்கி விட்டுடலாம். அது சேத்தைப் பூசிக்கிட்டு வந்தா அந்தப் பூச்சு மேல ஈ உக்காராது. கையில கொஞ்சம் காசு இருந்தா மாடு உள்ள நுழைஞ்சு வெளிய வர்ற மாதிரி ஒரு சின்னச் சாலை கட்டி, சாக்குத் திரை தொங்க விடலாம். திரை உரசி ஈ கிளம்பும், வெளிச்சத்தைப் பார்த்துப் பக்கவாட்டு வலையில போய் மாட்டிக்கும். அமெரிக்காவுல 1930-கள்லயே இதைக் கண்டுபிடிச்சுட்டாங்க. மருந்தே வேண்டாம்.

அப்பறம் எண்ணிப் பார்க்கறது. காலையில மாட்டோட ஒரு பக்கத்தைப் பார்த்துக் குத்துமதிப்பா எண்ணினாப் போதும். மேய்ச்சல் மாட்டுல 200 வரைக்கும் பெரிய நட்டம் இல்லைன்னு வெளிநாட்டுல கணக்கு வெச்சிருக்காங்க. கறவை மாட்டுக்கு இன்னும் குறைவாத்தான் வெச்சுக்கணும். அதுக்கு மேல போய், மாடு மேயாம நின்னா, புண்ணு வந்தா, அப்ப கால்நடை டாக்டரைக் கூப்பிட்டு என்ன மருந்து, எந்த மாட்டுக்கு, எத்தனை நாள் பாலை ஊத்திடணும்னு கேட்டுச் செய்யணும். குடல்புழுவுக்குன்னா சாணவண்டுக்கு அவ்வளவு கெடுதி பண்ணாத ஃபென்பெண்டசோல் மாதிரி மருந்து இருக்கு, அதையும் கேளுங்க. ஐவர்மெக்டின்தான் போட்டாகணும்னா, அந்த மாட்டை ரெண்டு மூணு வாரம் கட்டுத்தரையிலயே வெச்சுச் சாணியைக் குழிக்குள்ள போட்டுடுங்க. காட்டுக்கு விட வேண்டாம்.

டவுன்காரங்களுக்கு ஒரு வார்த்தை

இதெல்லாம் விவசாயி பாடு, நமக்கென்னன்னு நினைக்காதீங்க. ரெண்டு வகையில இது உங்க கையிலதான் இருக்கு.

ஒண்ணு, நிலம் வாங்கறவங்க. கொறங்காட்டை வாங்கி, வேலியைப் பிடுங்கிக் கம்பி கட்டி, நாலு நாட்டு மாடு வாங்கி விட்டுட்டு, வாரக் கடைசியில மட்டும் வந்து பார்க்கறவங்க இப்ப அதிகம். ஆசை நல்ல ஆசைதான். ஆனா தினமும் சாணியைப் பார்க்க ஆள் இல்லாததால எல்லாத்தையும் ஊசியிலயும் தெளிப்பான்லயும் முடிக்கப் பார்க்கறாங்க. அந்தக் காட்டுல மூணு மழை கழிச்சும் சாணி வட்டம் வட்டமாக் காஞ்சு கிடக்கறதை நான் பார்த்திருக்கேன். தட்டினா பலகை மாதிரிச் சத்தம் வருது. கிளுவை வேலி இருந்தா அதுல கரிச்சானும் மைனாவும் உக்காரும், பாதி ஈயை அது பார்த்துக்கும். கம்பி வேலியில என்ன உக்காரும்?

ரெண்டாவது, பால் வாங்கறவங்க. நாட்டு மாட்டுப் பாலான்னு கேக்கறீங்க, புல்லு மேஞ்ச மாடான்னு கேக்கறீங்க, லிட்டருக்குக் கூடக் காசும் குடுக்கறீங்க. பண்ணைக்குப் போனா மட்டும் ஒரு ஈ கண்ணுல படக் கூடாதுன்னு எதிர்பார்க்கறீங்க. நீங்க முகம் சுளிச்சா பண்ணைக்காரர் அடுத்த நாளே தெளிப்பானைத் தூக்குவார். வாடிக்கை போயிடுமேன்னு அவருக்குப் பயம். மேய்ச்சல் காட்டுல மாடு மேஞ்சா நாலு ஈ இருக்கத்தாங்க செய்யும். ஒரு ஈ கூட இல்லாத மாட்டுக்கொட்டாயைப் பார்த்தா சந்தோசப்படாம, என்ன அடிக்கறீங்கன்னு கேளுங்க.

அடுத்த தடவை ஏதாச்சும் பண்ணைக்குப் போனா மாட்டைப் படம் எடுத்த கையோட ஒரு குச்சி எடுத்து, முந்தின நாள் சாணியைக் கிளறிப் பாருங்க. அருவருப்பா இருந்தா மூக்கைப் பொத்திக்கிட்டே பாருங்க. உள்ள வண்டு ஓடினா, அடியில பொத்தல் பொத்தலா புது மண்ணு இருந்தா, அந்தக் காட்டு மாட்டோட பாலை நம்பி வாங்கலாம். சாணி பலகை மாதிரி இருந்தா ஊசிச் சீட்டைக் காட்டச் சொல்லுங்க. நீங்க நாலு பேர் கேட்டாப் போதும், எங்க பக்கம் பத்துப் பேர் ஊசியைக் குறைப்பாங்க.